முகூர்த்த மேக்கப் கலையாமல் நிற்க: 300 ரூபாய் ஃபிக்ஸரா, 3,000 ரூபாய் ஸ்ப்ரேயா?

கயல்_திருச்சி | ஞாயிறு, இரவு 9:12

வணக்கம். வைகாசியில் என் தங்கைக்குக் கல்யாணம். கும்பகோணத்தில் மண்டபம், முகூர்த்தம் காலை 6 மணியிலிருந்து 7.30-க்குள். மேக்கப் நானே போடுகிறேன் என்று அவளிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். எனக்கு இது தொழில் இல்லை. உறவில் நாலைந்து பேருக்குப் போட்டிருக்கிறேன், அவ்வளவுதான். முகம் முழுக்கப் பூசும் ஃபவுண்டேஷன், கருவளையம் மறைக்கும் கன்சீலர் எல்லாம் அவள் நிறத்துக்குப் பார்த்து வாங்கியாகிவிட்டது. இப்போது முடிவு செய்ய முடியாமல் நிற்பது மேக்கப்பைக் கலையாமல் நிற்கவைக்கும் செட்டிங் பவுடரிலும் ஸ்ப்ரேயிலும்.

போன வாரம் ஒரு பெரிய கடைக்குப் போனேன். லாரா மெர்சியர் லூஸ் பவுடரும் அர்பன் டிகே ஆல் நைட்டர் ஸ்ப்ரேயும் எடுத்தால்தான் கல்யாணத்துக்குத் தாங்கும் என்று அங்கிருந்த பெண் சொன்னார். இரண்டும் சேர்ந்து 7,000 ரூபாயைத் தாண்டியது. இதற்காக நான் ஒதுக்கியிருப்பது 3,500. அதே அலமாரியின் கீழ்த்தட்டில் 300 ரூபாய்க்குள் ஃபிக்ஸர் (அதே வேலைக்கான மலிவு ஸ்ப்ரே), 250 ரூபாய்க்கு பவுடர் எல்லாம் இருந்தன.

தங்கை மாநிறம். நெற்றியிலும் மூக்கிலும் எண்ணெய் வடியும், கன்னம் வறண்டது. மேடையில் ஏசி கிடையாது. ஹோமப் புகை, பட்டுப்புடவை, கழுத்து நிறைய மாலை, வீடியோக்காரர் லைட். அதிகாலை 3.30-க்கு ஆரம்பித்தால் மதியம் 1 மணி வரை முகம் நிற்க வேண்டும். விலை பத்து மடங்கு என்றால் வேலையும் அந்த அளவுக்கு வித்தியாசப்படுமா? பயன்படுத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

சாந்தி_பிரைடல்_கோவை | ஞாயிறு, இரவு 10:05

கயல், வாழ்த்துகள். பதினோரு வருடமாக மணப்பெண் மேக்கப் போடுகிறேன். கடைக்காரப் பெண் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் பவுடரையும் ஸ்ப்ரேயையும் பிரித்துப் பாருங்கள். பவுடரின் வேலை எண்ணெயைக் குடிப்பது, ஈரமாக இருக்கும் பேஸை, அதாவது அடியில் பூசிய ஃபவுண்டேஷனையும் கன்சீலரையும், உலர்ந்த மாதிரி ஆக்குவது. ஸ்ப்ரேயின் வேலை அதற்கு மேல் ஒரு மெல்லிய படலம் போடுவது. இதனால் உரசினாலும் துடைத்தாலும் பேஸ் சட்டென்று ஒட்டிக்கொண்டு வராது. இரண்டிலும் ஒரே மாதிரி பணம் போடத் தேவையில்லை. என் பெட்டியில் பவுடர் எப்போதும் நடுத்தர விலையில்தான் இருக்கும். கிரையோலான் ட்ரான்ஸ்லூசண்ட் (நிறம் காட்டாத) பவுடரை வருடக்கணக்கில் பயன்படுத்துகிறேன். அது 1945-இல் பெர்லினில் தொடங்கிய கம்பெனி, நாடகம், சினிமாவுக்குப் பொருள் செய்தவர்கள். கோடம்பாக்கத்து மேக்கப்மேன்கள் பெட்டியில் அதைப் பார்க்கலாம். ஆடம்பரப் பெட்டியும் தங்க மூடியும் இருக்காது. நாள் முழுக்க ஆர்க் லைட்டில் நிற்கும் நடிகருக்காகச் செய்த பொருள், அந்த வேலையை அது செய்யும்.

இன்னொன்று. பவுடரை பிரஷ்ஷால் தூவினால் எந்த விலைப் பவுடரும் இரண்டு மணி நேரத்தில் போய்விடும். வெல்வெட் பஃப்பில் கொஞ்சம் எடுத்து, பஃப்பை மடித்துக் கசக்கி உள்ளே ஏற்றி, அப்புறம் முகத்தில் வைத்து அழுத்துங்கள். தேய்க்கக் கூடாது. மூக்கோரம், மேலுதடு, புருவத்துக்கு நடுவில் இரண்டு முறை அழுத்துங்கள். வறண்ட கன்னத்துக்குப் பஃப்பில் மிச்சம் இருப்பதே போதும்.

குடுவை | ஞாயிறு, இரவு 11:31

அழகுப்பொருள் ஃபார்முலேஷனில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சில விஷயங்கள். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விலைச்சீட்டைப் பார்ப்பதற்கு முன் பாட்டிலைத் திருப்பி உட்பொருள் பட்டியலைப் படியுங்கள். ஒரு சதவீதத்துக்கு மேல் இருக்கும் பொருள்கள் அளவில் அதிகமானதிலிருந்து குறைவானதை நோக்கி வரிசையாக இருக்கும். ஒரு சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவை எந்த வரிசையிலும் வரலாம். ரோஜா, கற்றாழை, முத்துத்தூள் என்று பெட்டியின் முன்பக்கம் பெரிதாக எழுதியிருப்பது பெரும்பாலும் பட்டியலின் வாலில்தான் இருக்கும்.

ஸ்ப்ரே என்றால் நாம் தேட வேண்டியது படலம் உண்டாக்கும் பாலிமர். பொதுவாக மூன்று பெயர்கள் கண்ணில் படும்: பிவிபி, விபி/விஏ கோபாலிமர், அக்ரிலேட்ஸ் கோபாலிமர். கூடவே டீனேச்சர்ட் ஆல்கஹால் (குடிக்க முடியாதபடி மாற்றிய ஆல்கஹால்) இருக்கும். ஆல்கஹால் ஆவியாகிப் போக, பாலிமர் வலை மாதிரி முகத்தில் தங்கும். இந்த மூன்றும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை, நம் ஊருக்கு முக்கியமான விஷயம் இதுதான். பிவிபி தண்ணீரில் கரையும், காற்றில் இருக்கும் ஈரத்தையும் இழுக்கும். குளிர் நாட்டில் அருமையாக நிற்கிற பிவிபி படலம் நம் புழுக்கத்தில் லேசாகப் பிசுபிசுக்கும். முடிக்கு அடிக்கும் ஸ்ப்ரேயில் இதே தொல்லை இருந்ததால்தான் விபி/விஏ போன்றவை பின்னால் வந்தன. அக்ரிலேட்ஸ் வகை வேர்வையை இன்னும் நன்றாகத் தாங்கும். 600 ரூபாய் பாட்டிலில் அக்ரிலேட்ஸ் இருந்து 3,000 ரூபாய் பாட்டிலில் பிவிபி மட்டும் இருந்தால், ஏசி இல்லாத மேடைக்கு நான் 600 ரூபாயைத்தான் எடுப்பேன்.

மிஸ்ட் என்று முகத்தில் தெளிக்க விற்பவற்றில் சில செட்டிங் ஸ்ப்ரேவே இல்லை என்பதையும் கவனியுங்கள். தண்ணீர், அடுத்து கிளிசரின், அப்புறம் செடிச் சாறுகள் என்று பட்டியல் போனால் அது முகத்துக்கு ஈரம் தரும், பவுடர் பூத்துத் தெரிவதை அடக்கும். மேக் கம்பெனியின் ஃபிக்ஸ் ப்ளஸ் அந்தக் குடும்பம்தான். நல்ல பொருள், ஆனால் வேர்வைக்கு எதிராக அதை நிறுத்த முடியாது. விலையைப் பார்த்து ஏமாறுகிற இடம் இது.

அப்புறம் ஒரு தகவல். லோரியால் குழுமத்திடம் லான்கோம் 1964 முதல் இருக்கிறது. மேபலினை 1996-இலும், அர்பன் டிகேயை 2012-இலும், நிக்ஸை 2014-இலும் வாங்கினார்கள். மேல்தட்டு, கீழ்த்தட்டு இரண்டிலும் அவர்கள் சரக்கு இருக்கிறது. அதனால் இரண்டும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை, ஃபார்முலா வேறு. ஆனால் படலம் போடும் அறிவு விலை உயர்ந்த பிராண்டிடம் மட்டும் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது என்று நினைக்க வேண்டியதில்லை.

வடமராட்சிப்_பெண் | திங்கள், அதிகாலை 2:20

லண்டனில் இருந்து எழுதுகிறேன். இங்கே பூட்ஸ், சூப்பர்ட்ரக் போன்ற மருந்துக்கடைகளில்தான் மலிவு மேக்கப் எல்லாம் வாங்குவோம். ரிம்மல் ஸ்டே மேட் என்ற அழுத்தின பவுடர், 14 கிராம், ஐந்து பவுண் அளவில் கிடைக்கும். பல்கலைக்கழகக் காலம் முழுக்க அதுதான். இப்போது வேலைக்குப் போன பிறகு சார்லட் டில்பரி ஏர்பிரஷ் ஸ்ப்ரே வாங்கினேன். 100 மி.லி. முப்பது பவுணுக்கு மேலே.

குடுவை அண்ணா சொன்னதில் நான் ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். பாலிமர் பெயரை மட்டும் பார்த்தால் போதாது. விலை கூடின ஸ்ப்ரே முகத்தில் விழுகிற விதமே வேறு. பனி மாதிரி இறங்கும். மலிவில் ரெவல்யூஷன் ஸ்ப்ரேயும் வைத்திருக்கிறேன், நல்லாகத்தான் பிடிக்கிறது, ஆனால் துளி கொஞ்சம் பெரிது, கை தூரத்தில் பிடிக்க வேண்டும். முகத்தில் இருக்கிற உணர்வும் வேறு. விலை கூடினதைப் போட்டதே தெரியாது, மற்றது கன்னத்தை லேசாக இழுக்கும். பத்து மணி நேரம் அந்த முகத்தோடு சிரிக்கப் போவது மணப்பெண், அவளுக்கு அது பெரிய விஷயம்.

ஆனால் என் அனுபவம் குளிர் நாட்டு அனுபவம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். போன ஆடியில் நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போனபோது அதே முகம், அதே பொருள்கள், இரண்டு மணித்தியாலத்தில் மூக்கு மின்னத் தொடங்கிவிட்டது.

முத்துநகர் | திங்கள், காலை 8:47

யாரும் இன்னும் நிறத்தைப் பற்றிப் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன். நான் தூத்துக்குடி, நல்ல கறுப்பு. ட்ரான்ஸ்லூசண்ட் என்று எழுதியிருக்கும் பவுடர் எங்களுக்கு நிறமில்லாமல் இருப்பதில்லை. சாம்பல் பூசினது மாதிரி ஆகிவிடும்.

என் நிச்சயதார்த்தத்துக்கு வந்த ஒப்பனைக்காரர் மிக விலை உயர்ந்த வெள்ளைப் பவுடர் ஒன்றைக் கண்ணுக்குக் கீழே கனமாக வைத்தார். கண்ணாடியில் பார்த்தபோது ஓரளவு சரியாக இருந்தது. ஆல்பம் வந்தது, ஃப்ளாஷ் அடித்த படம் எல்லாவற்றிலும் கண்ணுக்குக் கீழே இரண்டு வெள்ளைத் திட்டு. அம்மா அந்த ஆல்பத்தை யாருக்கும் காட்டுவதில்லை. ஆறு வருடம் ஆகிறது, இன்னும் எனக்கு மனசு ஆறவில்லை.

நிறமுள்ள பவுடர் வாங்குங்கள். லாரா மெர்சியரிலேயே ஹனி, மீடியம் டீப் என்று இருக்கிறது. காசு குறைவென்றால் மேபலின் ஃபிட் மீ காம்பாக்ட்டில் (அழுத்தின பவுடர்) தங்கை ஷேடு தேடுங்கள். மஞ்சள் ஓட்டம் உள்ள பவுடர் மாநிறத்துக்கு நன்றாக உட்காரும். சரியான ஷேடில் இருக்கும் மலிவுப் பவுடர், தவறான ஷேடில் இருக்கும் நாலாயிரம் ரூபாய்ப் பவுடரைவிட ஆயிரம் மடங்கு மேல். இதை நான் மனசார சொல்கிறேன்.

குடுவை | திங்கள், காலை 9:30

முத்துநகர், உங்கள் ஆல்பத்துக்காக வருந்துகிறேன். அது ஏன் நடக்கிறது என்று சொல்கிறேன், கயலுக்கும் உதவும். சிலிக்கா, டைட்டானியம் டையாக்சைடு, ஜிங்க் ஆக்சைடு ஆகியவை நேராக வரும் ஃப்ளாஷ் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். ஹெச்டி பவுடர் என்று வருபவற்றில் சில கிட்டத்தட்ட முழுக்க சிலிக்காதான். மேக்கப் ஃபார் எவர் கம்பெனியின் பழைய ஹெச்டி பவுடரும் அதில் பல பங்கு குறைந்த விலைக்கு வந்த எல்ஃப் ஹெச்டி பவுடரும் அந்த வகை. வீடியோ லைட்டில், சாதாரண வெளிச்சத்தில் சருமத் துளைகள் மங்கி அழகாகத் தெரியும். ஃப்ளாஷ் போட்டோவில், அளவு கூடினால், வெள்ளைத் திட்டு. இங்கே விலை உயர்ந்தது, மலிவு இரண்டும் ஒரே குணம்.

எஸ்பிஎஃப் (வெயில் பாதுகாப்பு) உள்ள காம்பாக்ட்டிலும் டைட்டானியம், ஜிங்க் இருக்க வாய்ப்பு உண்டு. முகூர்த்தத்துக்கு அது வேண்டாம். எதை வாங்கினாலும் போட்டுக்கொண்டு இருட்டு அறையில் போன் ஃப்ளாஷில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். இதற்குச் செலவே இல்லை.

மயிலை_ராஜி | திங்கள், மதியம் 1:15

பிள்ளைகளா, நான் இந்தக் குழுவில் படிக்க மட்டும் வருகிறவள். என் கல்யாணம் 1984-இல். பான்கேக் மேலே பாண்ட்ஸ் பவுடர், அவ்வளவுதான். மாலை வரைக்கும் முகம் நன்றாகவே இருந்தது. இன்றும் கோயிலுக்குப் போனால் அந்தப் பவுடர்தான். முகப் பவுடர் என்று தனியாக விற்பதிலும் டால்க்தானே இருக்கிறது? பிறகு ஏன் நாலாயிரம்? தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

குடுவை | திங்கள், மதியம் 2:02

ராஜி அம்மா, நியாயமான கேள்வி. லாரா மெர்சியரின் புகழ்பெற்ற பழைய லூஸ் பவுடரிலும் முதல் பெயர் டால்க்தான். ரிம்மலிலும் அதுவே. வித்தியாசம் எவ்வளவு நுண்மையாக அரைத்திருக்கிறார்கள், துகளுக்கு மேல் என்ன பூச்சு கொடுத்திருக்கிறார்கள், கூட என்ன சேர்த்திருக்கிறார்கள் என்பதில். பூச்சு கொடுத்த துகள் வழுக்கிக்கொண்டு பரவும், தோலில் ஒட்டும், எண்ணெய் பட்டதும் உடனே கட்டி தட்டாது. உடம்புக்குப் போடும் டால்கம் பவுடரில் வாசனை அதிகம், நிறம் வெள்ளை. ஃபவுண்டேஷன் மேலே போட்டால் மூக்கோரம் திட்டாகும், சிலருக்கு வாசனையால் அரிக்கும். பான்கேக் தானே பாதி பவுடர் என்பதால் அன்று உங்களுக்கு ஒத்துப்போனது. இன்றைய திரவ ஃபவுண்டேஷன் வேறு மாதிரி.

டால்க் பற்றிய இன்னொரு பேச்சும் உண்டு. ஜான்சன் அண்ட் ஜான்சன் 2023-இல் உலகம் முழுக்க டால்க் பேபி பவுடரை நிறுத்திச் சோள மாவுக்கு மாறியது. 2024 ஜூலையில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை டால்க்கை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள 2ஏ பிரிவில் வைத்தது. மனசு ஒப்பவில்லை என்றால் டால்க் இல்லாத பவுடர்கள் மலிவிலும் இருக்கின்றன, மைகா அல்லது மாவுச்சத்து சார்ந்தவை. எதுவானாலும் மூக்குக்கு நேராகக் கொட்டித் தூவாதீர்கள். மூடியில் கொட்டி பஃப்பால் எடுங்கள், மூச்சை இரண்டு வினாடி பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மயிலை_ராஜி | திங்கள், மதியம் 2:40

புரிகிற மாதிரி சொன்னாய், நன்றி தம்பி. கயல், என் பக்கம் ஒரே ஒரு யோசனை. தாலி கட்டும்போது பெண் அழுவாள். அதற்கு எந்த டப்பாவும் இல்லை. இடுப்பில் மல் துணிக் கைக்குட்டை ஒன்று செருகிவிடு, துடைக்காமல் ஒற்றச் சொல்.

தேனி_மாணவி | திங்கள், மாலை 6:10

அக்கா, எங்கள் ஹாஸ்டலில் ரோஸ் வாட்டரும் கிளிசரினும் கலந்து அடிக்கிறோம். கல்லூரி ஆண்டு விழாவுக்கு ஒருத்தி முடிக்கு அடிக்கும் ஸ்ப்ரேயை முகத்துக்கு அடித்தாள், நன்றாக நின்றது. இது சரியா?

சாந்தி_பிரைடல்_கோவை | திங்கள், இரவு 8:22

தங்கச்சி, முடி ஸ்ப்ரேயை முகத்தில் அடிக்கவே கூடாது. நின்றது என்பது உண்மையாக இருக்கலாம், அதிலும் அதே குடும்பத்துப் பாலிமர்தான். ஆனால் அது கண்ணுக்கும் மூச்சுக்கும் நேராக அடிப்பதற்காகச் செய்யப்பட்டதில்லை. கண் சிவந்து வீங்கி, விழாவின் பாதியில் முகத்தைக் கழுவ வேண்டி வந்த பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். அவளிடம் இனி வேண்டாம் என்று சொல்லிவிடு.

ரோஸ் வாட்டர், கிளிசரின் பவுடர் பூத்தது அடங்குவதற்கு மட்டும் சரி. பிடிக்காது. புழுக்கத்தில் கிளிசரின் கூடிவிட்டால் முகம் பிசுபிசுக்கும்.

ஹாஸ்டல் செலவுக்கு ஒன்று சொல்கிறேன்: செட்டிங் ஸ்ப்ரேயை 60 மி.லி. பாட்டிலாக வாங்குங்கள், நாலு பேர் பணம் போட்டு. ஸ்ப்ரே என்பதால் முகத்தைத் தொடாது, பகிர்வதில் தவறில்லை. பஃப் மட்டும் தனித்தனி.

முத்துநகர் | திங்கள், இரவு 9:00

மலிவாகக் கிடைக்கிறதே என்று விலை உயர்ந்த பிராண்டை நடைபாதையில் வாங்காதீர்கள். பர்மா பஜாரிலும் ரங்கநாதன் தெருவிலும் 3,000 ரூபாய்ப் பெயரை 350-க்கு விற்பார்கள். இறக்குமதிப் பொருள் என்றால் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, பதிவுச் சான்றிதழ் எண், எம்ஆர்பி எல்லாம் ஒட்டியிருக்க வேண்டும். பேட்ச் எண், காலாவதி தேதி இல்லாததைத் தொடவே வேண்டாம். அதே 350-க்கு இந்தியக் கம்பெனியின் அசல் பொருள் கிடைக்கும்போது போலிக்கு ஏன் முகத்தைக் கொடுக்க வேண்டும்?

கயல்_திருச்சி | அடுத்த ஞாயிறு, இரவு 8:30

எல்லோருக்கும் நன்றி. நீங்கள் எழுதியதை எல்லாம் தங்கையோடு உட்கார்ந்து இரண்டு முறை படித்தேன். இன்று சோதனை செய்தோம். என் அலுவலகத் தோழி தன் ஆல் நைட்டர் பாட்டிலையும் லாரா மெர்சியர் டப்பாவையும் ஒரு நாளைக்குக் கொடுத்தாள். நான் வாங்கியது நிக்ஸ் மேட் ஃபினிஷ் ஸ்ப்ரே, 60 மி.லி., 800 சொச்சம். ஃபிட் மீ காம்பாக்ட் ஒன்று. இன்னொரு 280 ரூபாய் ஃபிக்ஸரும் வாங்கினேன், அதன் பெயர் வேண்டாம், என் கைக்கு வந்த பாட்டில் மட்டும் சரியில்லாமல் இருந்திருக்கலாம்.

காலை 7 மணிக்குத் தங்கை முகத்தில் நடுவில் கோடு பிரித்தது போல வலப்பக்கம் லாரா மெர்சியரும் ஆல் நைட்டரும், இடப்பக்கம் ஃபிட் மீயும் நிக்ஸும். 280 ரூபாயை என் முகத்தில் அடித்துக்கொண்டேன். கல்யாணத்தன்று இருக்கப்போவது போலவே ஏசி போடவில்லை. அவள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு சமையலறையில் அம்மாவோடு நின்றாள். இட்லிக் கொப்பரை ஆவி, அடுப்பு எல்லாம் சேர்ந்து ஹோமத்துக்குச் சமமாக இருந்தது.

9 மணிக்கு வெள்ளை டிஷ்யூவை நெற்றியில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அழுத்தினோம். எண்ணெய்க் கறை இரண்டிலும் ஒரே அளவு. நிறம் ஒட்டியது இடப்பக்கம் ஒரு துளி அதிகம். 11 மணிக்கு நெற்றியில் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. அம்மாவிடமும் சித்தியிடமும் எது எந்தப் பக்கம் என்று சொல்லாமல் கேட்டேன். அம்மா இடப்பக்கம் நன்றாக இருக்கிறது என்றார், சித்தி வலப்பக்கம் என்றார்.

ஆனால் கண்ணுக்குக் கீழே வித்தியாசம் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். லாரா மெர்சியர் பக்கம் தோல் வழவழவென்று இருந்தது. காம்பாக்ட் பக்கம் சிரிக்கும்போது மெல்லிய கோடுகளில் பவுடர் சேர்ந்துவிட்டது. மேலுதட்டில் இரண்டு பக்கமும் 10 மணிக்கே போய்விட்டது.

என் முகத்தில் அந்த 280 ரூபாய் ஃபிக்ஸர் நாசிலில் இருந்து துளித்துளியாகத் துப்பியது. விழுந்த இடமெல்லாம் ஃபவுண்டேஷனில் புள்ளி. ஒரு கை தூரத்தில் பிடித்தும் அப்படித்தான். வடமராட்சிப் பெண் சொன்ன துளி விஷயம் அப்போதுதான் புரிந்தது.

ஃப்ளாஷ் படமும் எடுத்தோம். இரண்டு பக்கமும் வெள்ளை பூக்கவில்லை.

சாந்தி_பிரைடல்_கோவை | ஞாயிறு, இரவு 9:15

அருமையான சோதனை கயல். இவ்வளவு பொறுமையாகச் செய்த பெண்ணுக்குத் தங்கை கொடுத்து வைத்தவள்.

கண்ணுக்குக் கீழே கோட்டில் சேர்ந்ததற்குப் பவுடரோடு கன்சீலர் கனமும் காரணம். ஆனாலும் அந்த ஒரு இடத்தில் நுண்மையான லூஸ் பவுடருக்குக் காசு போடலாம் என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். முன்பு நான் எழுதியதில் அதைச் சொல்லாமல் விட்டேன். முழு டப்பா வேண்டாம். 29 கிராம் டப்பா ஒரு வீட்டுக்கு வருடக்கணக்கில் வரும். தோழியிடம் கேட்டு அரை ஸ்பூன் ஒரு சுத்தமான சின்ன டப்பாவில் வாங்கிக்கொள்ளுங்கள். அவளுக்குக் கல்யாணச் சேலை ஒன்று எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.

மேலுதட்டுக்கு: பேஸ் போடும் முன் டிஷ்யூவால் ஒற்றி, ஃபவுண்டேஷனை மிகக் குறைவாக வைத்து, ஸ்ப்ரே, பவுடர், மறுபடி ஸ்ப்ரே என்று அடுக்குங்கள். ஒவ்வொரு ஸ்ப்ரேக்கும் பிறகு முழுதாக உலர விடுங்கள், விசிறிவிட்டாலும் சரி. கன்சீலர் போடும் ஸ்பாஞ்ச்சிலேயே ஒரு முறை ஸ்ப்ரே அடித்துக்கொண்டு ஒற்றினால் இன்னும் நன்றாகப் பிடிக்கும். முகத்துக்கு அடிக்கும்போது ஒரு முழம் தள்ளிப் பிடியுங்கள், முதலில் எக்ஸ் வடிவம், பிறகு டி வடிவம். கண்ணை மூடி, வாயையும் மூடச் சொல்லுங்கள். விளக்கு, கற்பூரம் எரியும் இடத்தில் அடிக்கவே கூடாது, ஆல்கஹால் தீப்பற்றும். பூஜை அறைக்குப் பக்கத்தில் மணமகள் அறை இருக்கும் மண்டபங்கள் உண்டு, அதனால்தான் சொல்கிறேன்.

வடமராட்சிப்_பெண் | ஞாயிறு, இரவு 11:50

ஆல்கஹால் என்றதும் ஞாபகம் வந்தது. தங்கைக்குக் கன்னம் வறண்டது என்றீர்கள். இரண்டு மூன்று தடவை அடித்தால் கன்னம் இறுகும். மேக்கப்புக்கு இருபது நிமிடம் முன்னால் மாய்ஸ்சரைசர் போட்டு ஊற விடுங்கள். கழுத்தில் ஒரு முறை பேட்ச் டெஸ்ட்டும் (கொஞ்சமாகப் போட்டு ஒவ்வாமை வருகிறதா என்று பார்ப்பது) செய்து பாருங்கள், அதுவும் கல்யாணத்துக்கு ஒரு கிழமைக்கு முன்னால்.

கயல்_திருச்சி | வைகாசி, முகூர்த்தம் முடிந்த மூன்றாம் நாள், இரவு 10:40

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று ஓடி வந்தேன்.

கடைசியில் பயன்படுத்தியது இவை: முகம் முழுக்க ஃபிட் மீ, கண்ணுக்குக் கீழே மட்டும் தோழி கொடுத்த அரை ஸ்பூன் லாரா மெர்சியர், நிக்ஸ் ஸ்ப்ரே மூன்று அடுக்கு, இரண்டு வெல்வெட் பஃப். பஃப்பும் சேர்த்து என் கையிலிருந்து போனது 1,900 ரூபாய். மிச்சப் பணத்தில் தோழிக்குச் சேலை.

3.20-க்கு உட்காரவைத்தேன். 6.40-க்குத் தாலி கட்டினார்கள். புகை அவள் பக்கமே திரும்பித் திரும்பி வந்தது. எதிர்பார்த்த மாதிரியே அழுதாள், ராஜி அம்மா சொன்ன மல் துணியால் ஒற்றிக்கொண்டாள். கண்ணோரம் ஒரு கோடு மட்டும் இறங்கியது. பஃப்பில் ஒட்டியிருந்த மிச்சத்தை வைத்து ஒரு அழுத்து, சரியாகிவிட்டது. 9 மணிக்கு மூக்கு மின்ன ஆரம்பித்தது. பவுடரை மேலே ஏற்றாமல் முதலில் டிஷ்யூவால் எண்ணெயை ஒற்றி எடுத்தேன், அப்புறம் கொஞ்சமாகப் பவுடர். மதியப் பந்தி வரை தாங்கியது. கழுத்து மாலை உரசியதில் தாடைக்குக் கீழே மட்டும் பேஸ் போயிருந்தது, அதை முகூர்த்த மாலையை மாற்றும்போது தொட்டுவிட்டேன்.

முத்துநகர் அக்கா, ஃப்ளாஷ் படங்களை இன்று பார்த்தோம். ஒன்றில்கூட வெள்ளைத் திட்டு இல்லை. முகமும் கழுத்தும் ஒரே நிறம்.

முத்துநகர் | இரவு 10:52

படித்ததும் கண் கலங்கிவிட்டது கயல். தங்கைக்கு என் வாழ்த்தைச் சொல். தாடைக்கு என்ன செய்தாய்? மாலையை எடுத்துவிட்டு ஸ்ப்ரே அடித்தாயா, பவுடர் மட்டுமா? ஆவணியில் என் நாத்தனாருக்குக் கல்யாணம், அவளும் என் நிறம்தான். இந்த முறை நானே போடப் போகிறேன்.

கயல்_திருச்சி | இரவு 11:03

ஸ்ப்ரேயை ஸ்பாஞ்ச்சில் அடித்து, அதிலேயே ஒரு பொட்டு ஃபவுண்டேஷன் எடுத்து ஒற்றினேன் அக்கா. நேராக அடித்தால் பட்டில் படும். உலர்ந்ததும் பவுடர். நாத்தனாருக்கு ஷேடு பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு பகல் வெளிச்சத்தில் போங்கள், தாடையில் தடவிப் பார்த்து வாங்குங்கள். என் பஃப் இரண்டையும் சோப்பு போட்டு அலசிக் காயவைத்திருக்கிறேன், எந்தக் கடையில் வாங்கினேன் என்று தனிச் செய்தியில் அனுப்புகிறேன்.